காரின் கண்ணில் வைத்த பொட்டு

தெரியாத பொருளைக் கண்டால் படித்தவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். என்னைப் போன்றவர்கள் உடனே அதற்குப் பொட்டு வைத்துவிடுவோம். (நான் எட்டாவதோடு நின்றவள்.)

அதியமான்கோட்டையில் என் மாமாவின் வாட்டர் வாஷ் கடையில் எனக்கு வேலை. ஒரு நாள் பெங்களூரிலிருந்து டிரெய்லரில் ஒரு மின்சாரக் கார் வந்து இறங்கியது. சேலம் கண்காட்சிக்குப் போகிறதாம். வருங்காலத்தில் கார் இப்படித்தான் இருக்குமாம். கைப்பிடி இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, உரித்த நுங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. முன்பக்கம் எது என்று பெற்றவர்களுக்கே சந்தேகம் வரும். தானே பார்த்து, தானே ஓடுமாம்.

"ஈரத்துணியில தொடச்சா போதும்ங்க" என்று சொல்லிவிட்டு, கூட வந்த ஓசூர்க்கார இன்ஜினியர் அக்கா தன் ஆட்களோடு டீ குடிக்கப் போனார்.

துடைத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் சேலம் போக அது தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். என் அண்ணன் புது லாரிக்குப் பூஜை போடாமல், லோடு காத்திருக்கிறது என்று அங்கேதான் இறங்கினான். வீடு திரும்பவில்லை. போன வருஷம்தான். (பூஜை போட்டிருந்தால் மட்டும் பிரேக் பிடித்திருக்காது என்று மூளைக்குத் தெரியும். மனசு என்ன மூளை சொன்னபடியா கேட்கிறது?)

சாமி படத்தடியில் இருந்த சந்தனத்தைக் குழைத்தேன். காரைச் சுற்றிலும் சின்னச் சின்னதாகக் கறுப்பு வட்டங்கள். 'பரவாயில்லையே, கம்பெனிக்காரர்களே பொட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்!' என்று பூரித்துப்போய், ஒவ்வொன்றிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன்.

கடைசிப் பொட்டு வைத்ததுதான் தாமதம். உடம்பெல்லாம் சிவப்பு விளக்கு எரிய, கார் 'கீ கீ' என்று கத்த ஆரம்பித்தது.

"அடிப் பாவி! வூட்டையே வித்தாலும் இதோட டயரு வாங்க முடியாதுடி!" என்று மாமா தலையில் கை வைத்தார்.

இன்ஜினியர் அக்கா டீ டம்ளரோடு ஓடி வந்தார். "ஐயோ, அத்தனையும் கேமராங்க! கண்ணு பூராத்தையும் அடைச்சிட்டீங்களே!"

துடைத்தோம். மறுபடி துடைத்தோம். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஓரத்துச் சந்தனத்தை எடுத்தோம். ஒருவழியாகக் கத்தல் நின்றது. கார் மெல்ல நகர்ந்து எலுமிச்சம்பழங்களைச் சப்பையாக்கியது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"எதுக்குங்க இப்டிப் பண்ணீங்க?" என்று அக்கா கேட்டார். அழுதுகொண்டே அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

கையிலிருந்த பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தவர், "கண்ணுல வேணாம். நெத்தியில வைங்க" என்றார்.

"நெத்தி எங்கக்கா இருக்கு இதுக்கு?"

கார் செய்தவர்களுக்கே தெரியவில்லை. "கண்ணாடிக்கு மேலப்பா." "அது உச்சந்தலைடா!" என்று அவர்கள் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மாமாதான், "மூஞ்சி இருந்தாத்தான நெத்தி? நடுவுல வெய்யி புள்ள" என்று தீர்ப்புச் சொன்னார்.

வண்டி கிளம்பியதிலிருந்து செல்லைக் கையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது: 'கணவாய் தாண்டிட்டோம். பத்திரமா இருக்கோம்.' கூடவே பொட்டோடு காரின் போட்டோ. ஆசை தீர அழுதுவிட்டு, போய் முகம் கழுவினேன்.

வீட்டில் மாமா இதை நடித்துக் காட்டினார். அண்ணன் போன பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான். இப்போதும் நான் குங்குமச் சிமிழை எடுத்தால் வீட்டில் எல்லோரும் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். முதலில் மூடுவது அம்மாதான்.