என் வீட்டில் நானே வில்லன்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உன் மருமகளும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையின் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். நம் வீட்டில் சினிமா எடுக்கிறார்கள், சத்தமே கூடாதாம். மின்விசிறி போடக்கூடாது, பிரிட்ஜை அணைத்ததில் பால் திரிந்துபோனது, தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். ஒலிப்பதிவு செய்கிற பையன் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க "உஷ், உஷ்" என்றே சொல்வதால் அவனுக்கு உஷ் என்றே பெயர் வைத்துவிட்டோம். அண்ணி நடக்கிற சத்தம்கூட விழுகிறதாம். "என் வீட்ல நான் நடக்கக் கூடாதா?" என்று அவள் சண்டைக்குப் போய்விட்டாள். அதற்கும் உஷ் தான் பதில். நான் சமையலறையில் ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

உன் மருமகள் ஒரு பெரிய தயாரிப்பாளரிடம் உதவி இயக்குநராக இருந்தாளே, போன வருடம் திடீரென்று விட்டுவிட்டு வந்தாளே, ஏன் என்று கேட்டால் "ஒத்துவரலப்பா" என்பதற்குமேல் வாயைத் திறக்காதவள், இப்போது தோழிகளோடு சேர்ந்து சொந்தமாக ஒரு திகில் படம் எடுக்கிறாள். வாய்ப்புக் கேட்டு வருகிற பெண்களை அறைக்குக் கூப்பிட்டு மிரட்டுகிற ஒரு தயாரிப்பாளர், அவன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்துகொண்டு தப்பிக்கப் பார்க்கிற ஒரு பெண், இதுதான் கதை. நம் கூடம்தான் அவன் ஆபீஸ், நம் சோபாதான் அவன் சோபா. அந்த வேஷத்துக்கு ஒப்புக்கொண்ட நடிகர் நேற்றுக் காலை போன் பண்ணி, "இது யாரைப் பத்தின கதைன்னு வெளியில தெரிஞ்சுபோச்சு, இதுல நடிச்சா அப்புறம் எனக்கு எவன் வேஷம் குடுப்பான்?" என்று சொல்லி வைத்துவிட்டார். எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று. அப்போதுதான் உன் மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்பா, உங்க குரல் கணீர்னு இருக்கு" என்றாள். இருக்காதா பின்னே? ஸ்கூல் பஸ் ஓட்டி வளர்ந்த குரல், கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். ஆனால் அதை வைத்து நான் யாரை மிரட்டியிருக்கிறேன், நீயே சொல்லு.

எதிர்வீட்டுப் பல் டாக்டரின் கோட்டைக் கடன் வாங்கி மாட்டிவிட்டார்கள். பொத்தான் போட்டால் மூச்சு நிற்கிறது. கதாநாயகி உள்ளே வந்ததும் நான் மரியாதையாக எழுந்து நின்றுவிட்டேன். "வில்லன் எழுந்து நிக்க மாட்டான்பா!" சரி என்று மறுபடியும் எடுத்தார்கள், அந்தப் பெண் வாடிய முகத்தோடு எதிரே உட்கார்ந்தாள், என் வாய் சும்மா இருக்குமா, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த முறை மிரட்டலெல்லாம் சரியாக வந்தது, ஆனால் அவள் போகும்போது ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். கடைசியில், "நான் ஒரு போன் பண்ணினா இந்தத் தொழில்ல உனக்கு எங்கேயுமே வேலை கிடைக்காது" என்ற வசனத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், முடிவில் "கிடைக்காதும்மா" என்று வந்து விழுகிறது. எத்தனை தடவை சொன்னாலும் அந்த "ம்மா" போகவில்லை தங்கச்சி, நான் என்னதான் பண்றது? கதாநாயகி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். உஷ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறான். "இவரு மிரட்டி ஒரு பூனை பயந்துதுன்னா நான் என் பேரையே மாத்தி வெச்சுக்கிறேன்" என்கிறாள் உன் அண்ணி.

உன் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குனிந்து என் காலரைச் சரிபண்ணினாள். "அந்த 'ம்மா' இருக்கட்டும்பா. அவரும் அப்படித்தான் சொன்னாரு. ரொம்ப அன்பா" என்றாள்.

உஷ் சொல்லாமலே வீடு அமைதியாகிவிட்டது. அவள் "பிரேக்" என்று சொல்லிவிட்டு கேமரா பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டேன். நம்ம புள்ள இத்தனை நாளும் இதை மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு நம்மகிட்ட சிரிச்சுப் பேசிட்டு இருந்திருக்கு. அந்தப் படுபாவி என் எதிர்ல வந்தா என்ன பண்ணுவேனோ தெரியாது, அவனா நான் எப்படி உட்காருவேன்? அவளை எதிர்ல நிக்கவெச்சு அதே வார்த்தையை நான் எப்படிச் சொல்லுவேன்? அவன் பெரிய கை. படம் வெளியே வந்தா சும்மா விடுவானா? நான் சொன்னா அவ கேக்க மாட்டா, அத்தை சொன்னா கேப்பா. உடனே கிளம்பி வா. "பட்டது போதும், இந்தப் படமே வேண்டாம், உங்கப்பனுக்கு நடிப்பும் வரல" என்று எடுத்துச் சொல்லி நிறுத்து. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அவளே உள்ளே வந்தாள். "இதை எடுத்துத்தான் ஆகணுமாம்மா?" என்று கேட்டேன். "அன்னிக்கு அந்த ரூம்ல எனக்குப் பேச்சே வரலப்பா. இந்தப் பொண்ணு பேசுவா. அதை நான் பார்க்கணும். அந்தச் சோபாவுல நீங்க இருந்தா எனக்குப் பயமா இருக்காது" என்றாள். போய் உட்கார்ந்தேன். எழுந்து நிற்கவில்லை, சாப்பாட்டை விசாரிக்கவில்லை, அந்த வசனத்தை அன்பாகவே சொன்னேன். அந்தப் பெண் பயந்தே போனாள், ஆனால் பேச வேண்டியதை எல்லாம் பேசிவிட்டுப் போனாள். "கட்" என்றதும் நான்தான் விக்கி விக்கி அழுதேன். உன் மருமகள் என் தோளில் சாய்ந்தவள், அப்படியே அந்தச் சோபாவில் தூங்கிப்போனாள். வேலையை விட்டு வந்ததிலிருந்து விளக்கை அணைத்தால் தூங்காத பிள்ளை. இன்னும் ஒரு காட்சி பாக்கி இருக்கிறது, யாரும் எழுப்பவில்லை. ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதே, நிறுத்தச் சொல்லி வராதே. சும்மா பார்க்க வா. கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் எழுந்துவிடுவாள், தெரியும். இருந்தாலும் வரும்போது காலிங்பெல்லை மட்டும் அடிக்காதே.