டிராப் டவுனில் இறங்கிய சம்பந்தி வீட்டார்

வீட்டில் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் வேலை பார்த்தால், டிவி ரிமோட்டிலிருந்து ஆதார் திருத்தம் வரை எல்லாம் அந்தப் பிள்ளையின் துறையாகிவிடும். அதனால் அக்கா கல்யாணத்துக்கு நானே ஒரு வெப் ஆப் செய்கிறேன் என்று சொன்னபோது யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம்.

எங்களுக்குப் பரமக்குடி பக்கம். அய்யாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மிளகாய் விவசாயம். மாப்பிள்ளை வீடு உப்பூருக்கு உள்ளே ஒரு கிராமம். ராமேஸ்வரத்தில்தான் கல்யாணம் என்பது அம்மாவின் வேண்டுதல். அங்கே மண்டபம் கிடைக்காமல் தங்கச்சிமடத்தில் பிடித்தோம். (சாமி அந்தத் தூரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்று அம்மா முடிவு செய்தார்.) வெளியூர்ச் சொந்தங்கள் தங்குவதற்கு அக்காள்மடத்தில் வேறொரு மண்டபத்தின் மாடி அறைகளை எடுத்திருந்தோம்.

என் ஆப்பில் ஒரு மேப். அதற்கு மேலே டூல்பாரில் வரிசையாகப் பட்டன்கள்: கல்யாண மண்டபம், தங்குமிடம், பார்க்கிங், கோயில். எதை அமுக்கினாலும் வழி காட்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அத்தான் போன் செய்தார்.

"ஆப்பு நல்லாருக்கு. ஆனா போன்ல பாத்தா பூராம் பட்டனாத்தான் இருக்கு. மேப்பக் காணோமே?"

நியாயமான புகார். உடனே எல்லாப் பட்டன்களையும் ஒரே டிராப் டவுன் மெனுவுக்குள் அடக்கினேன். இடங்களுக்குப் பதில் ஊர்ப் பெயர்களைப் போட்டு அகர வரிசையில் அடுக்கினேன். லேப்டாப்பில் மவுஸ் அம்பை அருகே கொண்டுபோனாலே மெனு வழுக்கிக்கொண்டு இறங்கியது. அய்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வாழை இலை விரியிற மாதிரில்ல இருக்கு!" என்றார். அதற்குமேல் சோதித்துப் பார்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு யாரும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வர மாட்டார்கள் என்பதும் தோன்றவில்லை. போனில் நடந்தது வேறு. பட்டனைத் தொட்டதும் மெனு விரிந்தது. அதன் முதல் வரி சரியாக விரலுக்கு அடியில் வந்து நின்றது. விரலை எடுத்தால் அதுதான் தேர்வு. நீங்கள் எங்கே போக நினைத்தாலும் சரி, என் ஆப் உங்களை அக்காள்மடத்துக்கு அனுப்பும்.

அத்தான் தன் நண்பர்களோடு முதல் நாளே வந்துவிட்டார். மறுநாள் காலையில் அவர் வீட்டார் பஸ்ஸில் கிளம்பினார்கள். அத்தானின் தாய்மாமன்தான் தலைமை. பாம்பன் பாலத்தில் இறங்கிக் கடலைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்டுல ஆப்பு குடுத்துருக்காக, யாரையும் வழி கேக்க வேணாம்" என்று சொல்லி மாமா மெனுவைத் தொட்டிருக்கிறார்.

முகூர்த்தம் நெருங்கியது. மணமேடையில் அத்தான் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸைக் காணோம். தாலி, பஸ்ஸில் வரும் அவர் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. அய்யா, மாமாவுக்குப் போன் போட்டார்.

"எங்கன வாரீக?"

"வந்து எம்புட்டு நேரமாச்சு! பந்தியில உக்காந்துட்டோம். கேசரி பிரமாதம் சம்பந்தி!"

அய்யா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். திரும்பக் காதில் வைத்தார்.

"நாம கேசரி போடலையே."

அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மெல்லும் சத்தம் சட்டென்று நின்றது.

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். அக்காள்மடத்தில் நாங்கள் மாடி அறை எடுத்திருந்த அந்த மண்டபத்தில், கீழே வேறொரு கல்யாணம். வாசலில் எனக்கும் பன்னீர் தெளித்தார்கள். எங்கள் ஆட்களை அந்தப் பெண் வீட்டார் மாப்பிள்ளை பக்கம் என்றும், அந்த மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கம் என்றும் நினைத்து, போட்டி போட்டு உபசரித்திருக்கிறார்கள். முன் வரிசையில் அத்தானின் அம்மா கைப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, இது நம்ம கல்யாணம் இல்லை" என்று காதில் சொன்னேன்.

அவர் மேடையை நிதானமாகப் பார்த்தார். "பொண்ணு மொகம் வேற மாதிரி இருக்கேன்னு பாத்தேன். மேக்கப்புன்னு விட்டுட்டேன்."

"மாப்பிள்ளை?"

"என் மகன் இன்னும் ரூமுக்குள்ள ரெடியாவுறான், இது பொண்ணுக்கு அண்ணன்னு நெனச்சேன்."

பந்தியில் இருந்தவர்களை எழுப்ப முடியவில்லை. பாதி இலையில் எழுந்தால் அந்த வீட்டாருக்கு மரியாதை இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். (ரசம் அப்போதுதான் வந்திருந்தது.) அத்தையை மட்டும் பின்னால் ஏற்றிக்கொண்டேன். பட்டுச்சேலையோடு ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் பையையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு வந்தார். கடல் காற்றில் அவர் சேலைத் தலைப்பு என் முகத்தை மூடியபடியே இருந்தது. வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஏத்தா, இதுக்கா படிச்ச?"

வண்டியை இன்னும் முறுக்கினேன். முந்தானை வாயை அடைத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயர் கையில் அட்சதையோடு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே ஓடினோம். ஒருவழியாக நேரத்துக்குள் அத்தான் தாலி கட்டினார். அதற்குப் பிறகு பஸ் வந்து சேர்ந்தது. எல்லோரும் வயிறு நிறைந்த முகத்தோடு இறங்கினார்கள். எங்கள் பந்தியில் யாரும் உட்காரவில்லை. சாம்பாரும் பாயசமும் அண்டா அண்டாவாக நின்றன.

சமையல்காரர் முன்னாலேயே அய்யா என்னைத் திட்ட ஆரம்பித்தார். "அது என்னத்தா மெனு? ஆள அலைய விடுறதுக்கு ஒரு மெனுவா?"

"டிராப் டவுன் மெனு அய்யா" என்றேன் மெதுவாக.

அப்போது மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே குறுக்கே புகுந்து எனக்காகப் பரிந்து பேசினார்.

"புள்ளைய வையாதீக சம்பந்தி. அது மேல தப்பே இல்ல. அதுக்குப் பேரே டிராப் டவுனாமே? சொன்ன மாதிரி எங்கள அங்கன டிராப் பண்ணிருச்சு."

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் யாராவது வழி தவறினாலோ, பஸ்ஸில் தூங்கி ஊரைத் தாண்டிப் போய்விட்டாலோ, "டிராப் டவுன் ஆயிட்டான்" என்றுதான் சொல்கிறார்கள். போன மாதம் அக்கா மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் நாளே அவள் வேறு வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். டீச்சர் காரணம் கேட்டதற்கு, குழந்தை பெருமையாகச் சொல்லியிருக்கிறது:

"எங்க அப்பத்தா மாதிரி டிராப் டவுன் ஆயிட்டேன் மிஸ்."