எந்தப் பெட்டியைத் திறப்பது?

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுல ஒண்ணாவது காரா மாறியிருக்கணும். இல்லைன்னா எல்லாப் பெட்டியையும் என் தம்பி பசங்ககிட்ட தூக்கிக் கொடுத்துடுவேன்."

மனைவி இதைக் கத்திச் சொல்லியிருந்தால் லிப்ட்காரர் கவலைப்பட்டிருக்க மாட்டார். துவைத்த துணியை மடித்துக்கொண்டே, கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு வாங்க என்பது போலச் சொன்னாள்.

"உன் தம்பி பசங்களா? போன தடவை வந்தப்ப நம்ம வீட்டுக் காலிங் பெல்லையே கழட்டிட்டுப் போனாங்களே!"

"அவங்களாவது எதையாவது செய்யறாங்க இல்ல?"

இருவரும் சின்ன அறையின் வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஜன்னல். மற்றபடி சுவர் நெடுகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கார், குட்டிக் குட்டிப் பாகங்களாகக் கிடக்கும். பொறுமையாகக் கத்தரித்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் உள்ளங்கை அகலத்தில் அச்சு அசல் கார் எழுந்து நிற்கும். மூடியில் அதன் படம் பளபளக்கும்.

லிப்ட்காரர், அதாவது லிப்ட் பழுது பார்ப்பவர், இதுவரை அப்படி ஒன்றைக் கட்டி முடித்திருந்தார். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் செய்த மஞ்சள் டாக்சி. அதன் கதவு திறந்து மூடும். அதை முடித்த வாரம் முழுக்க லிப்ட் குழிக்குள் விசிலடித்துக்கொண்டே வேலை பார்த்தார். அடுத்த காரை வாங்கக் கடைக்குப் போனவர், இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டையும் வாங்கி வந்தார். வீட்டில் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தும் முடிவு வரவில்லை. மூன்றாவது ஒன்று இருந்தால் ஒருவேளை தெளிவு பிறக்கும் என்று அதையும் வாங்கினார். சுவர் இப்படித்தான் எழும்பியது.

எந்தப் பெட்டியையும் அவர் திறந்து பார்த்ததில்லை. மூடியைத் திறந்துவிட்டால் அந்தக் காரைத்தான் கட்ட வேண்டும். பாதியில் வேறொன்றுக்குத் தாவுகிறவன் மனிதனே இல்லை என்பது அவர் கட்சி.

"அம்மா எழுந்து பாத்ரூம் போகணும்னா ஒருக்களிச்சுப் போக வேண்டியிருக்கு. மூட்டு ஆபரேஷன் ஆனவங்க. விழுந்து வச்சா யார் பார்க்கிறது?" என்றாள் மனைவி.

கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எனக்கு ஒரு இடைஞ்சலும் இல்லடி. மாப்பிள்ளையை ஏன் காலங்காத்தால வறுத்தெடுக்கிற?"

"நீங்க சும்மா இருங்கம்மா."

லிப்ட்காரர் நிமிர்ந்து நின்றார். நடு மாடியில் தொங்கும் லிப்டுக்கு எதிரே நிற்கும்போது அவர் முகத்தில் ஓர் உறுதி வரும். அது இப்போது வந்தது. "சரி. இன்னைக்கு முடிவு பண்றேன். நாளைக்கு முடிச்சுக் காட்டறேன்."

முடிவெடுக்க முதலில் மனைவியையே கேட்டார். சமாதானமும் ஆகும், காரும் கிடைக்கும்.

"இந்தச் சிவப்பு நல்லா இருக்கு" என்றாள் அவள்.

"அது மூடியில போட்ட கலர். நாம என்ன கலர் வேணும்னாலும் அடிச்சுக்கலாம்."

"அப்போ அதைச் சிவப்பா அடிங்க."

"அதுக்கில்ல. இதோட சக்கரத்துக்குள்ள கம்பி கம்பியா வரும். முதல்லயே அதுல கை வைக்கக் கூடாது."

"அப்புறம் என்னை எதுக்குங்க கேட்டீங்க?"

சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

அடுத்து, கல்லூரியில் படிக்கும் மகள் பொறுப்பேற்றாள். பெட்டிகளையெல்லாம் போனில் படம் பிடித்தாள். "ரெண்டு ரெண்டா மோத விடலாம்ப்பா. தோத்தது வெளிய. கடைசியா நிக்கிறதைக் கட்டுங்க. சிம்பிள்."

முதல் மோதலில் ஜீப் ஜெயித்தது, பழைய பஸ் தோற்றது. லிப்ட்காரர் பஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"பாவம், அதுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமா?"

கொடுத்தாள். லாரியிடம் தோற்ற வேனுக்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆம்புலன்ஸைத் தோற்கடிப்பது பாவம் என்று அதைப் போட்டியில்லாமலே மேலே ஏற்றினார். கடைசிச் சுற்று வந்தபோது, தொடங்கிய எல்லாப் பெட்டிகளும் கடைசிச் சுற்றில் இருந்தன.

"எனக்கு எழுதறதுக்கு அசைன்மென்ட் இருக்குப்பா" என்று மகள் எழுந்து போனாள். படங்களை மட்டும் அவர் போனுக்கு அனுப்பி வைத்தாள்.

மதியம் அவசர அழைப்பு வந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது, உள்ளே மூன்று பேர். லிப்ட்காரர் கூட்டாளியோடு பறந்தார். கூட்டாளி மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை ஏற்றுவான். அதுவரை மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சில் வைத்திருப்பது இவர் வேலை.

வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தார். காலடியில் இருந்த இடுக்கு வழியே மூன்று முகங்கள் அண்ணாந்து பார்த்தன. ஒரு வக்கீல், ஒரு நர்ஸ், ஒரு கூரியர்காரர்.

"எனக்கு மூச்சு முட்டுது" என்றார் நர்ஸ்.

"முட்டாது சிஸ்டர். உள்ள நல்லா காத்து வருது. கொஞ்ச நேரம், மேல ஏத்திடுவோம்."

வழக்கமாக இந்த இடத்தில் குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். இன்று வாய் வேறு எதையோ கேட்டுவிட்டது.

"உங்ககிட்ட ஒரு அபிப்பிராயம் கேட்கலாமா?"

போன் இடுக்கு வழியே உள்ளே போனது. மூச்சு முட்டிய நர்ஸ்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

"இதுல என்ன சந்தேகம்? ஆம்புலன்ஸ்!"

"கொடுங்க பார்ப்போம்" என்று வக்கீல் கண்ணாடியை மாட்டினார். "ஜீப் இருக்கும்போது ஆம்புலன்ஸா? ஜீப் போகாத இடம் உண்டா?"

"ஜீப்புல ஸ்ட்ரெச்சரை எங்க சார் வைப்பீங்க? உங்க மடியிலயா?"

"ரெண்டு பேரும் மன்னிக்கணும்" என்றார் கூரியர்காரர். "லாரியைக் கட்டுங்கண்ணே. லாரி ஓடலைன்னா ஜீப்புக்கும் டயர் வராது, ஆம்புலன்ஸுக்கும் மருந்து வராது."

"அது வாதமே இல்ல!" என்று வக்கீல் எகிறினார்.

லிப்ட் மெல்ல ஏறி மாடிக்குச் சமமாக வந்து நின்றது. கதவு திறந்தது. கட்டட மேனேஜர் தண்ணீர் பாட்டில்களோடு தயாராக நின்றார். யாரும் வெளியே வரவில்லை.

"ஒரு நிமிஷம்! நான் இன்னும் முடிக்கல" என்ற வக்கீல், இரைச்சல் தொந்தரவாக இருக்கிறதென்று பொத்தானை அழுத்திக் கதவை மூடினார். மேலே கூட்டாளி அப்போதுதான் மின்சாரத்தைப் போட்டிருந்தான். லிப்ட் பாதி மாடி இறங்கி, மறுபடியும் நின்றது.

மேனேஜர் லிப்ட்காரரைப் பார்த்தார். லிப்ட்காரர் தரையைப் பார்த்தார்.

இரண்டாவது முறை லிப்ட் மேலே வந்தபோது லிப்ட்காரர் அசட்டையாக இருக்கவில்லை. வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து வெளியே இழுத்தார். நர்ஸின் காதில், "ஆம்புலன்ஸ்தான், முடிவு பண்ணிட்டேன்" என்றார். வக்கீலின் காதில், "ஜீப்தான் சார், வேற பேச்சே இல்ல" என்றார். கூரியர்காரரின் காதில், "லாரிதான் தம்பி, வெளிய சொல்லாத" என்றார். மூவரும் ஜெயித்த முகத்தோடு கிளம்பினார்கள். கிளம்பும்போது மூவருமே சொன்னார்கள், திங்கட்கிழமை காலையில் இங்கேதான் இருப்பேன், கொண்டுவந்து காட்டுங்கள் என்று.

வீடு வந்து சேர்வதற்குள் முதலாளி போனில் வந்துவிட்டார்.

"லிப்ட்ல மாட்டினவங்களை வச்சு ஓட்டெடுப்பு நடத்தினீங்களாமே? மேனேஜர் குதிக்கிறார்."

"சார், அது வந்து..." லிப்ட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"ரேஸ் கார் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்னய்யா யோசனை? திங்கட்கிழமை அதை எடுத்துட்டு ஆபீசுக்கு வாங்க. புகாரைப் பத்தி அப்போ பேசிக்கலாம்."

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். "என்ன, முடிவாச்சா?"

காலையிலிருந்து கழுவப்பட்ட பாத்திரங்களின் சத்தம் அவர் காதில் ஒலித்தது. "ஆச்சு. நீ சொன்ன சிவப்புதான்."

அன்று முதல் முறையாக அவள் சிரித்தாள். காபிகூடக் கேட்காமலே வந்தது. அதைக் குடிக்கும்போதுதான், ஐந்து பேருக்கு ஐந்து கார் சொல்லி வைத்திருப்பதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கத்தரி, உப்புத்தாள், தூரிகை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டார். பெட்டிதான் வரவில்லை. சின்ன அறைக்குப் போவார், ஆம்புலன்ஸைத் தொடுவார், வக்கீல் ஞாபகம் வரும். ஜீப்பைத் தொடுவார், முதலாளி ஞாபகம் வரும். ரேஸ் காரைத் தொட்டபோது மனைவி அந்தப் பக்கமாக வந்தாள். தூசி தட்டுவது போல நடித்தார்.

ஆனால் பின்வாங்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். மாமியாரை ஹாலுக்கு அழைத்துவந்து டிவி முன்னால் உட்கார வைத்தார். "நீங்க இங்க இருங்க அத்தை. இன்னைக்கு ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் பெட்டிங்க இருக்கணும்."

"என்ன மாப்பிள்ளை பேச்சு இது? ரெண்டும் இருக்கட்டும்" என்றார் மாமியார்.

சாயங்காலம் ஆவதற்கு முன்பே மைத்துனன் வந்து நின்றான். இரண்டு பக்கமும் இரட்டைப் பையன்கள். கையில் பெரிய சாக்கு.

"அத்தான், அக்கா போன் பண்ணுச்சு. இந்தச் சாக்கு போதுமா, இன்னொண்ணு எடுத்துட்டு வரட்டுமா?"

"இன்னும் சாயங்காலம் ஆகலடா!"

"பசங்க பொறுக்கல அத்தான்."

பையன்களில் ஒருவன் ஏற்கெனவே மேஜைமேல் ஏறி, விசிறிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். லிப்ட்காரர் ஒரே பாய்ச்சலில் சின்ன அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார்.

"ஏங்க, கதவைத் திறங்க!" மனைவி தட்டினாள்.

"கார் இல்லாம வெளிய வரமாட்டேன்!"

பெட்டிச் சுவரின் எதிரே நின்றார். நர்ஸ், வக்கீல், கூரியர், முதலாளி, மனைவி, யாரும் வேண்டாம். கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை நீட்டினார். எது படுகிறதோ அது. பட்டது. பெட்டி நடுவரிசையில் எங்கோ இருந்தது, இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி, ஒரு மனிதன் தன் மானத்தையே பிடித்து இழுப்பது போல இழுத்தார்.

வந்தது. அதோடு சுவரும் வந்தது.

சத்தம் கேட்டுத் தாழ்ப்பாள் தெறிக்க எல்லாரும் உள்ளே விழுந்தார்கள். லிப்ட்காரர் கட்டில்மேல் மல்லாந்து கிடந்தார், அடி ஒன்றும் இல்லை. தரையெங்கும் மூடிகள் பறந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, கட்டிலுக்கு அடியில் போய் விழுந்த பெட்டியிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் நிதானமாக உருண்டு வந்தது. பின்னாலேயே ஜீப். லாரி, கதவில் முட்டி நின்றது. பஸ், வேன், ரேஸ் கார். ஒவ்வொன்றும் முழுசாக, சக்கரமும் ஸ்டியரிங்குமாக, ஒரு குறையும் இல்லாமல்.

இரட்டைப் பையன்கள்கூடக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

மனைவி குனிந்து சிவப்புக் காரை எடுத்தாள். சக்கரத்துக்குள் கம்பிகள் கம்பிகளாகவே இருந்தன. "ஏங்க... இவ்வளவையும் எப்பங்க செஞ்சீங்க? ஒரு வார்த்தை சொல்லல?" அவள் குரலில், பல வருஷமாக லிப்ட்காரர் கேட்காத ஒரு குழைவு இருந்தது.

"அத்தான், நீங்க பெரிய ஆளு!" மைத்துனன் சாக்கைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அம்மா, அதைக் கொடு" என்று மகள் காரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "இது என்னோட நெயில் பாலிஷ்!"

லிப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் இருந்தது, ஜீப் இருந்தது, லாரி இருந்தது, ரேஸ் கார் இருந்தது, சிவப்பு இருந்தது. மனைவி அதே குழைவோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இதை விட்டால் வாழ்க்கையில் வேறு வாய்ப்பு வராது. அவர் எழுந்து உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டு, அடக்கமாகத் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... நேரம் கிடைக்கும்போது அப்பப்ப..."

ஹாலிலிருந்து வாக்கரைத் தட்டித் தட்டி நடந்துவந்த மாமியார் வாசலில் நின்று தலையை ஆட்டினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடும்னுதான் மாப்பிள்ளை இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லாம நானே ஒட்டி வச்சேன், அந்தக் கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்தி எல்லாத்தையும் உடைஞ்ச காரா வித்திருக்கான், அதுவும் தெரிஞ்சே வித்திருக்கான், எப்படி ஒட்டணும்னு பெட்டிக்குப் பெட்டி படம் வேற போட்டு வச்சிருந்தான்!"