இருபத்திரண்டு பேர், அறுபத்தாறு கிலோ

"தராசுதான் சரியில்ல! என்னைப் பார்த்தா மூணு கிலோ கூடுன மாதிரியா இருக்கு?"

"மூணா? என் கண்ணுக்கு அஞ்சு தெரியுது. மரியாதைக்காகத் தராசு கொறச்சு சொல்லியிருக்கு."

"அருளம்மா, வார்த்தையைப் பார்த்துப் பேசு!"

"நீ தட்டைப் பார்த்துச் சாப்பிடு, நான் வார்த்தையைப் பார்த்துப் பேசறேன். நேத்து ரொட்டி சானாய் மூணு போச்சு. அதான் மூணு கிலோ."

கிளேபாங் கடற்கரை கார் பார்க்கில், வேனுக்குப் பின்னால் நின்று கிளாரன்ஸ் இந்த மீனம்மா-அருளம்மாள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு நோட்டு. நோட்டில் இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஜனவரி மாத எடை, பக்கத்திலேயே இன்று எடுத்த ஏப்ரல் மாத எடை.

மீனம்மா, ஜனவரியில் எழுபத்தொன்பது. இன்று எண்பத்திரண்டு. அருளம்மாள் அறுபத்தொன்று. இன்று அறுபத்துநாலு. யாரை எடுத்தாலும் கிட்டத்தட்ட மூணு கிலோ ஏற்றம். மொத்தம் அறுபத்தாறு கிலோ. வாரத்துக்கு நாலு நாள் என்று மூணு மாதம் நடந்ததில், இருபத்திரண்டு பேர் இருபத்துமூணு பேராகத் திரும்பி வந்திருந்தார்கள்.

கிளாரன்ஸுக்கு வயது ஐம்பத்துமூணு. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். 'காலை நடை நண்பர்கள் சங்கம்' ஆரம்பித்தவர், அதன் செயலாளர், அதற்காகத் திட்டு வாங்குகிறவர், எல்லாம் அவரே. எல்லாரிடமும் அவர் சொன்ன காரணம் முதியோர் நலன். சொல்லாத காரணம் அவருடைய அக்கா அருளம்மாள்.

அத்தான் தவறிப் போனபிறகு அருளம்மாள் மஸ்ஜித் தானா ஊரில் இருக்கிற வீட்டில் தனியாக இருந்தாள். ஒருநாள் கிளாரன்ஸ் போனபோது அக்கா டீவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் கோபமாக. அன்றைக்குத்தான் அவர் வேன் பேசினார். மஸ்ஜித் தானாவில் ஏற்றி, குருபோங் வழியாக வந்து, கிளேபாங்கில் இறக்கி, நடக்கவைத்து, திருப்பிக் கொண்டுபோய் விடுகிற வேன். ராமையா ஓட்டுகிறார். கோயிலும் சர்ச்சும் சேர்ந்து கொடுத்த உதவி ஏப்ரல் மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு அறக்கட்டளையின் மானியம் கிடைக்காவிட்டால் வேன் நின்றுவிடும். அக்கா மறுபடியும் செய்தி வாசிக்கிற பெண்ணோடு.

போன வருடம், வேன் ஓடுவதற்கு முன்பே, மனு போட்டார். 'எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள்' என்று எழுதினார். பதில் வந்தது: 'சந்தோஷம் எவ்வளவு கூடும் என்று குறிப்பிடப்படவில்லை.'

அதனால்தான் இந்த வருடம் அளக்க ஆரம்பித்தார். ஜனவரியில், வேன் ஓட ஆரம்பிப்பதற்கு முந்தின ஞாயிறு, எல்லாரையும் தன் வீட்டுக்கு வரவழைத்தார். பழைய இரும்புக் கடை சிவசாமி ஒரு பெரிய தராசைக் கடன் கொடுத்தார். வட்டமான முகம், நீளமான முள், கண்ணாடியின் அடிப்பகுதியில் முருகன் ஸ்டிக்கர். மீனம்மா ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறினார். வேறு மதத்துச் சாமி என்பதால் கிளாரன்ஸ் அதன்மேல் விரல்கூடப் படாமல் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார். ஆளுக்கு ரெண்டு கிலோ குறைந்தால் போதும், மனு எழுதிவிடலாம் என்பது அவர் கணக்கு.

"தம்பி!" மீனம்மா வேனைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். "ஜனவரியில ஏறுன பெருசை விட்டுட்டு இந்தச் சின்னத் தராசை நம்பாதீங்க. உங்க மக ஷெர்லீன் ஆன்லைன்ல வாங்குனதுதானே? ஆன்லைன்ல நான் புடவை வாங்குனேன், வந்தது கர்ச்சீப்பு."

கிளாரன்ஸ் நியாயமான மனிதர். அன்றைக்குச் சாயங்காலமே பத்து கிலோ அரிசிப் பை வாங்கி அந்த டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தார். பத்து கிலோ காட்டியது. இன்னொரு பை வாங்கி வைத்தார். இருபது. தராசு சரி. ஆட்கள்தான் சரியில்லை. வீட்டில் இருபது கிலோ அரிசி சேர்ந்ததுதான் மிச்சம்.

காரணம் அவருக்கே தெரிந்துதான் இருந்தது. நடந்து முடித்ததும் எல்லாரும் நேராகச் சாலையோரக் கடைகளுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நடப்பது நாற்பது நிமிடம். உட்காருவது ஒண்ணரை மணி நேரம்.

மறுநாள் அறிவித்தார். "இனிமே கடை கிடையாது. நடை, வேன், வீடு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அதற்கு அடுத்த நாள் ஆளுக்கு ஒரு டிபன் கேரியரோடு வந்தார்கள். இட்லி, வடை, புளிச்சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், ஒருத்தர் ஒரு முழு கேக். கடையில் ஒரு தட்டு சாப்பிட்டவர்கள் இப்போது இருபத்திரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் ருசி பார்க்க வேண்டியதாயிற்று. பார்க்காவிட்டால் கொண்டுவந்தவருக்கு வருத்தம்.

"கடையே பரவாயில்லலா," என்றாள் அருளம்மாள், ஏப்பத்துக்கு நடுவே. "அங்க காசு கொடுக்கணும்னு கொஞ்சமாவது பயம் இருந்துச்சு."

அன்றிரவு ஷெர்லீன் அப்பாவின் நோட்டைப் புரட்டினாள். அவள் ஒரு கம்பெனியில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ரிப்போர்ட் எழுதுவதில் கைதேர்ந்தவள்.

"டாடி, வெயிட்டை விடுங்க. ஸ்டெப்ஸ் எண்ணுங்க. ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டெப்னு போன்லயே வரும். நடந்தா கூடத்தானே செய்யும், கொறையாது."

இருபத்திரண்டு போன்களிலும் அவளே ஸ்டெப்ஸ் எண்ணும் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். முதல் வாரம் எல்லாருக்கும் ஐயாயிரம், ஆறாயிரம் என்று வந்தது. மீனம்மாவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு நாற்பத்தோராயிரம்.

"ஆன்ட்டி, இந்த வாரம் நீங்க கேஎல் சிட்டி வரைக்கும் நடந்து போயிருக்கீங்க," என்றாள் ஷெர்லீன்.

"பிளவுஸ் ஆர்டர் நெறைய இருக்கும்மா."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கால்ல தையல் மெஷின்தானே மிதிக்கறேன்? போனைக் காலுறைக்குள்ள வச்சுக்கிட்டா அதுவே எண்ணிக்குது. நடந்தாத்தான் காலா, மிதிச்சா கால் இல்லையா?"

இதை மீனம்மா ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமை பேய் மழை. ஒருத்தர்கூட நடக்க வரவில்லை. அன்றைக்குச் சங்கம் மொத்தம் நாலு லட்சம் ஸ்டெப்ஸ் நடந்திருந்தது.

"சரி, ஸ்டெப்ஸும் வேணாம்," என்றாள் ஷெர்லீன். "லோன்லினஸ் எழுதுங்க. தனிமை கொறஞ்சுச்சான்னு கேள்வித்தாள் கொடுக்கலாம். இன்னிக்கு எத்தனை பேர்கிட்ட பேசுனீங்கன்னு கேளுங்க."

கிளாரன்ஸுக்கு இது பிடித்திருந்தது. அக்காவின் தாளைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். அருளம்மாள் எழுதியிருந்தாள்: 'ஒன்பது பேர். அதில் ஆறு பேர் இனிமேல் என்னோடு பேச மாட்டார்கள்.'

மீனம்மாவின் தாளில் ஒரே ஒரு வரி: 'அருளம்மா என்ன எழுதியிருக்கிறாள்?'

மனு அனுப்ப மூணு நாள்தான் பாக்கி. ராமையா வேனில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அண்ணே, மே மாசம் நம்ம வண்டி ஓடுமா? ஒரு ஸ்கூல் ட்ரிப் கேட்கறாங்க."

"ரெண்டு நாள் கொடுங்க ராமையா."

அன்றைக்கு ஷெர்லீன்தான் அறக்கட்டளையின் பக்கத்தை முழுசாகப் படித்தாள். படித்துவிட்டு அப்பாவின் நோட்டை மறுபடியும் எடுத்தாள்.

"டாடி, இந்த வருஷம் அவங்க தீம் என்ன தெரியுமா? முதியோர் ஊட்டச்சத்து. வயசானவங்க சரியா சாப்பிடாம மெலிஞ்சு போறாங்களாம்."

"அதுக்கு?"

"நம்மகிட்ட இருபத்திரண்டு பேர் இருக்காங்க. மூணே மாசத்துல ஆளுக்கு மூணு கிலோ ஏத்தியிருக்கோம்."

கிளாரன்ஸ் மகளைப் பார்த்தார். "இது பொய் இல்லையாம்மா?"

"நம்பர் உண்மைதானே? நடந்ததை டார்கெட்னு எழுதறோம். ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

அவர் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். பிறகு எழுதினார்: 'ஜனவரி முதல் ஏப்ரல் வரை, உறுப்பினர்களின் எடை சராசரி மூன்று கிலோ கூடியுள்ளது. ஒருவருக்குக்கூடக் குறையவில்லை.' ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நடை என்ற சொல் மட்டும் மனுவில் எங்கேயும் வரவில்லை. சங்கத்தின் பெயரில் இருந்ததை மாற்ற முடியவில்லை.

ஒரே வாரத்தில் அறக்கட்டளையிலிருந்து திவாகர் என்கிற அதிகாரி நேரில் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். கண்ணாடி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். கிளேபாங்கில் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பேரையும் நிதானமாகப் பார்த்தார். மீனம்மாவிடம் வந்ததும் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

"மூணே மாசத்துலயா?" என்றார்.

"ஆமா சார்," என்றார் கிளாரன்ஸ். அவருக்குக் காது சுட்டது.

"எக்ஸலண்ட்."

திவாகர் மீனம்மாவிடம் குனிந்தார். "அம்மா, ஜனவரிக்கு முன்னாடி சரியா சாப்பிட முடியலையா?"

"சாப்பிட்டேன் சார். ஆனா இப்ப மாதிரி இல்ல."

அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். அடுத்தது அருளம்மாள்.

"உங்களுக்கு என்னம்மா மாற்றம்?"

"முன்னல்லாம் டீவியோட சண்டை போடுவேன் சார். இப்ப இவளோட போடறேன்." மீனம்மாவைக் காட்டினாள். "இவ திருப்பிப் பதில் சொல்றா."

திவாகர் சிரித்தார். டேப்லெட்டில் தேடினார். அதைப் போடுவதற்கு அதில் கட்டம் இல்லை. அடுத்த ஆளிடம் போனார்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. மானியம் அனுமதிக்கப்பட்டுவிட்டது. ஒரு முழு வருடத்துக்கு வேன், கூடவே காலைச் சாப்பாடு. ஷெர்லீன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். கிளாரன்ஸ் சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

அங்கே நிபந்தனைகள் இருந்தன. அடுத்த ஆறு மாதத்தில் ஒவ்வொருவரும் இன்னும் ஐந்து கிலோ கூட வேண்டும். தினமும் முட்டை, பால், வாழைப்பழம். உடலில் சேர்ந்த சத்தை வீணாக்கும் செயல்களைத் தவிர்க்க வேண்டும். 'குறிப்பாக, உறுப்பினர்கள் கடற்கரையில் நீண்ட தூரம் நடப்பதாக அறிகிறோம். அது உடனே நிறுத்தப்பட வேண்டும்.'

மறுநாள் சேதி வேனில் பரவியது. மீனம்மாவுக்கு அன்றைக்கே வாழைப்பழம் ஆரம்பித்துவிட்டது. அருளம்மாள் மட்டும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நடக்கவே கூடாதாடா?"

"வேன் வரும்க்கா. ஒரு ஹால்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்."

"உட்கார்ந்தா?" அக்கா யோசித்தாள். "நடந்துக்கிட்டே சண்டை போட்டாத்தான்டா எனக்குச் சரியா வரும். உட்கார்ந்தா அவ முகத்தைப் பார்க்கணும். பாவமா இருக்கும்."

கிளாரன்ஸ் பையைத் தொட்டுப் பார்த்தார். கடிதத்தோடு வந்த ஒப்பந்தம் அதற்குள் இருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை காலை, சிவசாமியின் தராசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ராமையாவை வீட்டுக்கு வரச் சொன்னார். ஜனவரியிலிருந்து அது ஸ்டோர் ரூமில் துணி மூடிக் கிடந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலுக்கு இழுத்தார்கள். ராமையா துணியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது சிவசாமி கடைத் தராசுல்ல? இது எப்படி இங்க?"

"ஜனவரியில இதுலதான் எல்லாரையும் நிறுத்தோம்."

"ஆளையா?"

"ஆளைத்தான். ஏன்?"

ராமையா குனிந்தார். செருப்பைக் கழற்றினார். முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெதுவாக உரித்தார். கீழே முள் தெரிந்தது. தராசின் மேல் யாரும் இல்லை, எதுவும் இல்லை. முள் பூஜ்யத்துக்கு ஐந்து கிலோக் கோடு பின்னால் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"அண்ணே, சிவசாமிகிட்ட ரெண்டு தராசு இருக்கு. ஒண்ணு விக்கிறதுக்கு, ஒண்ணு வாங்குறதுக்கு. இது வாங்குற தராசு, கொறச்சுத்தான் காட்டும். என் பழைய இரும்பு கேட்டுலயே அஞ்சு கிலோ தின்னுச்சு." ஸ்டிக்கரைப் பழையபடி ஒட்டி, பெருவிரலால் அழுத்தினார். "அப்படிப் பார்த்தா, அஞ்சுல மூணு போக, அந்த அம்மாங்க எல்லாம் நடந்து நடந்து ஆளுக்கு ரெண்டு கிலோ எளைச்சிருக்காங்கண்ணே."

திங்கட்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேன் உண்டு, நடை இல்லை. உண்மையைச் சொன்னால் நடைக்குத் தடை இல்லை, ஆனால் வேன் இல்லை. நீங்கள் கிளாரன்ஸாக இருந்தால் என்ன செய்வீர்கள்? படித்தவர்கள் கீழே ஒரு வரியாவது எழுதிவிட்டுப் போங்கள்.