நான் புல்லட் வார்த்த சனிக்கிழமை

சந்தேகப் பிராணிகளை ஏமாற்றுவதுபோலச் சுலபமான வேலை உலகத்தில் வேறில்லை. எல்லாவற்றையும் நம்புகிறவன் கேட்கும் கதைகளில் பாதியாவது உண்மையாக இருந்து, அவன் எப்படியோ தப்பித்துக்கொள்வான். சந்தேகக்காரன் அப்படியல்ல. அவன் அலசுவான், ஆராய்வான், வடிகட்டுவான். கடைசியில் பொய்யையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, உண்மையைச் சன்னலால் வீசிவிடுவான்.

நான் இரண்டாவது வகை. சந்தேகப்படுவது என் தொழிலும்கூட. காப்புறுதிக் கொம்பனி ஒன்றில், இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்கிறவன் நான். நாய் மடிக்கணினியைக் கடித்துவிட்டது என்று ஒருவர் எழுதினால் நாயின் படத்தைக் கேட்பேன். படம் வந்தால், பல் தெரியும்படி இன்னொன்று கேட்பேன். இந்தக் கலையை நான் பழகியது லண்டனுக்கு அகதியாக வந்த புதிதில், குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில். அங்கே விசாரணையில் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டதில், உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே என்மீது சந்தேகம் வந்துவிட்டது. (பிறந்த திகதியைச் சொல்லிவிட்டு, 'சரியாத்தான் சொன்னனானோ?' என்று யோசித்தவன் நான்.)

இப்படிப்பட்ட நான் தூண்டில் போடப் பழகியது என் மனைவி ரெஜினாவின் தொல்லை தாங்காமல்தான். "சனி, ஞாயிறில வீட்டுக்குள்ள இருந்து எங்களையெல்லாம் விசாரிக்காமல் எங்கயாவது வெளிய போங்கோப்பா" என்றாள். செவன் கிங்ஸில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வருகிற சிலர் சேர்ந்து சௌத்எண்ட் கடற்கரைப் பக்கம் மீன் பிடிக்கப் போவார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

அங்கேதான் 'புல்லட்' எனக்கு அறிமுகமானது. தூண்டில் நூல் கடலுக்குள் தாழ்வதற்கு ஈயக்குண்டு ஒன்று கோர்ப்பார்கள். நடுவில் துளை போட்ட உருண்டைக் குண்டுக்கு இந்த நாட்டுத் தூண்டில் கடைகளில் 'புல்லட்' என்று பெயர். துவக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் நான் எறிந்த புல்லட் எல்லாம் கல்லிடுக்கில் மாட்டிக் கடலோடு போய்விடும். மற்றவர்கள் தாங்களே ஈயம் உருக்கி வார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நானும் வார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது இரண்டு பேரிடம் யோசனை கேட்டேன். ஒருவர் பெனடிக்ற் அண்ணை. மன்னார்க்காரர், எங்கள் பாடகர் குழுவை நடத்துகிறவர். எதைச் சொன்னாலும் பூசையில் நிருபம் வாசிப்பதுபோன்ற முகத்தோடுதான் சொல்வார். மற்றவன் குகன். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். சைவ சமயக்காரன், ஆனால் எங்கள் தேநீருக்குத் தவறாமல் வருவான். வெள்ளைக்காரர் பேசுவதுபோல அப்படியே பேசிக் காட்டுவான். எதைச் சொன்னாலும் சிரிப்பான்.

பெனடிக்ற் அண்ணை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, முதல் விசயம், ஈயத்துக்கு ஓய்வு குடுக்கவேணும். அது குகன்ர கடைக் கூரையில கிடந்து வெயில், மழை பார்த்துக் களைச்சுப்போன சாமான். ஒரு கிழமை, ஏழு நாள், பிரிஜ்ஜுக்கை வையும். மரக்கறித் தட்டு நல்லது. குளிர்ந்தாத்தான் அது மனம் ஆறி, அச்சுக்குள்ள அடங்கி இருக்கும்."

"ஓம் அண்ணை."

"ரெண்டாவது, உருகேக்கை வலப்பக்கமாத்தான் கிண்டவேணும். என்ர சித்தப்பா ஒருக்கா இடப்பக்கமாக் கிண்டிப்போட்டார். மன்னாரில நிண்டு எறிஞ்ச குண்டு, நேர போகாமல் திரும்பி, ராமேஸ்வரத்தில போய் விழுந்தது. இந்தியன் கஸ்டம்ஸ் பிடிச்சு வைச்சிருந்து, பிறகு ஆள் போய்க் கையெழுத்து வைச்செல்லோ எடுத்தது."

"மூண்டாவது?"

"வார்க்கேக்கை வாய் திறக்கக்கூடாது. கதைச்சாக் குமிழி விழும். மனதுக்குள்ள விசுவாசப் பிரமாணம் சொல்லும். 'ஆமென்' வரேக்கை அச்சு நிரம்பியிருக்கும்."

குகன் தேநீர் மூக்கால் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு தன் பங்குக்கு, சிரித்தபடியே சொன்னான். "மச்சான், உருகின ஈயத்துக்குள்ள மெழுகுதிரித் துண்டு ஒண்டு போடு, அழுக்கெல்லாம் மேல வரும். மற்றது, ஒரு சொட்டுத் தண்ணியும் படக்கூடாது. ஈரம் பட்டா வெடிக்கும், சொல்லிப்போட்டன்!" சொல்லிவிட்டு இன்னொரு முறை சிரித்தான்.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. உண்மை பேசுகிறவன் சிரிக்கமாட்டான், நுணுக்கமான விபரங்கள் தருவான். பெனடிக்ற் அண்ணை சிரிக்கவில்லை. சித்தப்பா, ராமேஸ்வரம், கஸ்டம்ஸ் என்று ஆதாரங்களோடு பேசினார். குகனோ பல்லை இளித்தான். ஈயத்துக்குள் மெழுகுதிரியாம். கத்தோலிக்கன் என்றால் எதற்குள்ளும் மெழுகுதிரி போடுவான் என்று நினைத்துவிட்டான்! உருகி நெருப்பாகக் கொதிக்கிற ஈயம், ஒரு சொட்டுத் தண்ணீருக்கு வெடிக்குமாம். யாரிடம் விடுகிறாய்? 'குகன் சொன்னதைத் தள்ளு, அண்ணை சொன்னதை எடு' என்று தீர்ப்பெழுதினேன்.

குகன் கடைக் கூரையைத் திருத்தியபோது கழற்றிய பழைய ஈயத்தகடுகளைத் தந்தான். அவற்றைத் துண்டுகளாக வெட்டி, பிளாஸ்ரிக் பையில் சுற்றி, கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ரெஜினா அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட எடுக்கவில்லை.

"என்ன இது பாரமா? போத்திலோ?"

"இல்லை, ஈயம்."

"ஈயமோ? பிரிஜ்ஜுக்கையோ?"

"ஓய்வெடுக்குது."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள். சந்தேகத்தில் அவள் எனக்குக் குறைந்தவள் அல்ல. இருந்தாலும் கத்தரிக்காயை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு, "ஒரு கிழமைக்கு மேல இது இஞ்ச இருக்கக்கூடாது" என்று தவணை கொடுத்தாள்.

தவணை முடிந்தது ஒரு சனிக்கிழமை. அதற்கு அடுத்த கிழமை எனக்கு நகர மண்டபத்தில் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். ரெஜினாவும் மகள் மெலனியும் எப்போதோ பிரித்தானியர் ஆகிவிட்டார்கள். இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்ததில் வீட்டில் அந்நியன் நான் ஒருவன்தான் மிச்சம். மெலனிக்கும் எனக்கும் சண்டை வந்தால், "அப்பா, உங்களை நாடு கடத்தலாம், என்னை ஏலாது" என்பாள். ஒரு பொலிஸ் பிரச்சினை வந்தால் எல்லாம் கெட்டுப்போகும் என்று அந்தக் கிழமை முழுவதும் சிவப்பு விளக்கில் தெருவைக் கடக்கக்கூடப் பயந்தவன் நான்.

பின்வளவில், வீட்டுச் சுவரோடு இறக்கிய பிளாஸ்ரிக் கூரைப் பத்திக்குக் கீழே, காம்பிங் அடுப்பையும் பழைய இரும்புச் சட்டியையும் வாங்கிவந்த அச்சையும் வைத்தேன். பாதுகாப்பில் நான் கவனமான ஆள். மகளின் நீச்சல் கண்ணாடி, சைக்கிள் ஹெல்மெற், ஸ்நோவுக்கு வாங்கிய இறகு ஜக்கெற், அவண் அடுப்பிலிருந்து தட்டு எடுக்கிற கையுறை (கிறிஸ்மஸ் மான் படம் போட்டது). அப்படியே நின்று பெனடிக்ற் அண்ணைக்குப் போன் எடுத்தேன். காதை ஜக்கெற்றின் தொப்பி மூடியிருந்ததால் கொஞ்சம் பலத்துத்தான் கதைத்தேனாம்.

"ஓம் அண்ணை! புல்லட் இண்டைக்கு! நாளைக்கு சௌத்எண்ட்! முழுக் குறூப்பும் வரட்டும்!"

வேலிக்கு அந்தப் பக்கம் பூக்கன்றுகளுக்கு நடுவே நின்ற மிஸிஸ் பெல் நிமிர்ந்து பார்த்தார். தனியாக இருக்கிற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. நான் கையுறை மானைத் தூக்கி ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. உள்ளே போய்விட்டார்.

முதல் துண்டுகள் அழகாக உருகின. வலப்பக்கமாகக் கிண்டினேன். விசுவாசப் பிரமாணமும் சொன்னேன். அச்சு நிரம்பவில்லை, சட்டியில் மிஞ்சியிருந்த ஈயம் போதவில்லை. பிரிஜ்ஜிலிருந்து இன்னொரு துண்டைக் கொண்டுவந்தேன். வெளிக்காற்றுப் பட்டதும் அது குளிர்பானப் போத்தல் மாதிரி மேலெல்லாம் வியர்த்துப் போயிருந்தது. 'நல்லா ஓய்வெடுத்திருக்கு, எவ்வளவு குளிர்ச்சி!' என்று மெச்சிக்கொண்டே அதைச் சட்டிக்குள் போட்டேன்.

படார்!

சட்டிக்குள் இருந்த ஈயம் சட்டிக்குள் இல்லை. நான் மல்லாக்கக் கிடந்தேன். மேலே பிளாஸ்ரிக் கூரையில் வட்டவட்டமாக ஓட்டைகள் விழுந்து, வானம் தெரிந்தது. ஜக்கெற்றைச் சுட்டுக்கொண்டு போன துளிகளுக்குப் பின்னால் வெள்ளை இறகுகள் பறந்தன. செத்துவிட்டேன், சிறகு வைத்த சம்மனசுகள் வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நீச்சல் கண்ணாடியில் ஒரு ஈயத்துளி, வலது கண்ணுக்கு நேராக, ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடது கண்ணை மூடி, வலது கண் தெரிகிறதா என்று சரிபார்த்தேன்.

ரெஜினா ஓடி வந்து என்னைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, உயிர் இருப்பது உறுதியானதும் ஏசத் தொடங்கினாள். ஏச்சு முடிவதற்குள் வாசல் மணி அடித்தது. பொலிஸ். ஒரு பெண், ஒரு ஆண்.

பெண் அதிகாரி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சேர், இங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

எத்தனையோ பேரை விசாரித்தவன் நான். ஆனால் சீருடையைக் கண்டதும் மூளை குரோய்டனுக்குத் திரும்பிவிட்டது. உண்மையைச் சொல்லு, உண்மையை மட்டும் சொல்லு!

"புல்லட் செய்துகொண்டிருந்தேன்" என்றேன்.

ரெஜினா, "ஐயோ மாதாவே" என்று கதவுநிலையைப் பிடித்தாள்.

"எதற்காக?"

"நாளைக்கு சௌத்எண்டுக்குக் கொண்டுபோக."

"தனியாகவா?"

"இல்லை. எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது."

ஆண் அதிகாரி மெதுவாக எனக்கும் கதவுக்கும் நடுவே வந்து நின்றார். "அடுத்த கிழமை வேறு ஏதாவது திட்டம் உண்டா?" என்று அந்தப் பெண் கேட்டார். எனக்கு நம்பிக்கை பிறந்தது. "உண்டு. அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யப்போகிறேன்" என்றேன். அவர் என் ஹெல்மெற்றைப் பார்த்தார். என் நெஞ்சிலிருந்து ஒரு இறகு புறப்பட்டு அவருடைய தோளில் போய் உட்கார்ந்தது.

"மீன்! மீன் பிடிக்கிற புல்லட்!" என்று ரெஜினா கத்தினாள். மீன் சுடுவதற்குத் துவக்கா என்று அவர்கள் இன்னும் குழம்பினார்கள். "இவருக்குச் சொல்லிக்கொடுத்த ஆளைக் கேளுங்கள்" என்று பெனடிக்ற் அண்ணைக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், நான் பொலிஸ் பேசுகிறேன்" என்றார் பெண் அதிகாரி.

அண்ணைக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. குகன்தான் குரலை மாற்றிக்கொண்டு விளையாடுகிறான் என்று. "ஓ, பொலிஸா? நான் மன்னர் பேசுகிறேன், அரண்மனையிலிருந்து" என்றார் ஆங்கிலத்தில். (மன்னார்க்காரர் மன்னர் ஆகிவிட்டார்.)

"சேர், உங்களுக்கு அன்ரன் என்பவரைத் தெரியுமா? புல்லட் செய்வது பற்றி?"

"தெரியாமல் என்ன! நான்தான் பயிற்சி கொடுத்தது. எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. மிச்சத்தைக் கோயில் பீடத்துக்குக் கீழே புதைத்திருக்கிறோம்."

சத்தியப்பிரமாணம் போச்சு, வேலை போச்சு, பாடகர் குழுவும் போச்சு. "அண்ணை! உண்மையான பொலிஸ் அண்ணை!" என்று கத்தினேன்.

"ஓமோம், நீரும் நல்லா நடிக்கிறீர் தம்பி."

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் தோளில் இருந்த ரேடியோ கரகரத்தது. மறுமுனையில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. பிறகு, நாங்கள் ஒருவரும் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், "மேடம், நான் வெறும் பாட்டுக்காரன்" என்றார் பெனடிக்ற் அண்ணை.

தூண்டிலும் பெட்டியுமாக அவர் ஓடி வந்தபோது, வாசலில் இன்னும் இரண்டு பொலிஸ் வண்டிகள் நின்றன. பெட்டியைத் திறந்து குண்டுகளைக் கொட்டினார். நூலில் கோர்த்துக் காட்டினார். முன்னறையில் நின்று தூண்டில் எறிந்து காட்டி, திரைச்சீலையையும் கிழித்தார். அவர்களுக்குச் சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது. ஒரேயொரு கேள்விதான் மிச்சம். பெண் அதிகாரி பிரிஜ்ஜைத் திறந்து மிச்ச ஈயத்தைக் காட்டினார்.

"இது ஏன் இதற்குள்?"

"ஓய்வெடுப்பதற்கு" என்றேன்.

அன்று நான் சொன்னவற்றில் அவர் கடைசிவரை நம்ப மறுத்தது அதைத்தான். பெனடிக்ற் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். "அது நான் சொன்ன பகிடி, மேடம். படித்த மனிதர் செய்வார் என்று நினைக்கவில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். மேசையில் கிடந்த நீச்சல் கண்ணாடியையும் அதில் ஒட்டியிருந்த துளியையும் கண்டார். முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, கண் போயிருக்குமேடா... தண்ணி படக்கூடாதெண்டு குகன் சொன்னவன் எல்லே?"

"அவன் சிரிச்சுக்கொண்டெல்லோ அண்ணை சொன்னவன்!"

"அவன் செத்தவீட்டிலயும் சிரிப்பானேடா!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ரெஜினா எல்லோருக்கும் தேநீர் போட்டாள். பொலிஸ்காரர் கோப்பையை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

அடுத்த கிழமை நான் குறையின்றிப் பிரித்தானியன் ஆனேன். இப்போது புல்லட்டைக் கடையில்தான் வாங்குகிறேன். ஆனால் வீட்டில் என் மானம் போனது போனதுதான். நான் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு வெளியே வந்தால் போதும். "அப்பாவில தண்ணி பட்டிட்டுது! வெடிக்கப்போறார்!" என்று மெலனி சோபாவுக்குப் பின்னால் பாய்வாள். ரெஜினா காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடுவாள். கதை தெரியாத விருந்தாளிகள் இருந்தால் அவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

பொலிஸைக் கூப்பிட்ட மிஸிஸ் பெல்லுக்கு முழுக் கதையையும் ரெஜினாவே சொல்லி, மன்னிப்பும் கேட்டு, மீன் பொரியலும் கொடுத்தனுப்பினாள். அன்றிலிருந்து, நான் பின்வளவில் நிற்கும்போது மழை தூறத் தொடங்கினால், அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அமைதியாகச் சொல்வார்:

"உள்ளே போய்விடுங்கள் மிஸ்டர் அன்ரன், நனையப்போகிறீர்கள்."

அக்கறையில் சொல்கிறாரா, பகிடி பண்ணுகிறாரா என்று அவர் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. எதற்கும் உள்ளே போய்விடுகிறேன்.