பச்சை விளக்கும் பதின்மூன்று பேரும்

உலகத்தில் மூடநம்பிக்கை அறவே இல்லாத ஒரே ஊர் ராவ்பி.

இதைச் சொன்னவர் டோர்கில். ராவ்பி வணிகர் சங்கத்தின் தலைவர். மே மாத ஆண்டுக் கூட்டத்தில், கம்பு ரொட்டியின் மேல் வினிகரில் ஊறிய மீனை அடுக்கிக்கொண்டே, சிரிக்காமல் சொன்னார்.

"நாம டேனிஷ்காரங்க. யோசிக்கிற ஜனங்க. மத்த ஊர்ல பூனை குறுக்க போனா மனுஷன் நிக்கிறான். நம்ம ஊர்ல மனுஷன் குறுக்க போனா பூனை நிக்குது!"

எல்லோரும் கை தட்டினார்கள். உண்மைதான், ராவ்பியில் மூடநம்பிக்கை கிடையாது. வருடம் தவறாமல் ஜூன் மாதத்தில் வைக்கோலில் ஒரு சூனியக்காரி செய்து, பாவாடை கட்டி, கையில் துடைப்பம் கொடுத்து, கடற்கரையில் பாட்டுப் பாடிக் கொளுத்துவார்கள். அது பண்பாடு. மூடநம்பிக்கை என்பது எப்போதும் அடுத்த ஊரில் இருப்பது.

"இந்த ஜூலையாவது நம்ம அஞ்சு மரவீடும் நிரம்பிடும்" என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி போடில். நல்ல வார்த்தை சொல்லிவிட்டாளே, கண் பட்டுவிடக்கூடாதே என்று மேசைக்கு அடியில் கையை விட்டு அந்த நாட்டு வழக்கப்படி மூன்று தட்டுத் தட்டி, தட்டுக்கு ஒரு எண்ணாகச் சொன்னாள். "ஏழு, ஒன்பது, பதிமூணு."

டோர்கிலுக்கு இது போதும். "பாத்தீங்களா? சூனியக்காரியைக் கடற்கரையில தேடுறோம். என் வீட்டுலயே ஒண்ணு இருக்கு!"

கூட்டம் சிரித்தது. போடிலும் சிரித்தாள். "தட்டினா மேசைக்கு வலிக்கப் போகுதா? வெறும் பழக்கம்ப்பா" என்றாள்.

மணல்மேட்டில் இருந்த அந்த ஐந்து மரவீடுகளும் அவள் அப்பா கட்டியவை. கோடையில் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். இரண்டு கோடை தொடர்ந்து காலி. இந்த ஜூலையும் காலி என்றால் ஹோட்டல் கம்பெனிக்கு விற்பதைத் தவிர வழியில்லை. கம்பெனிக்காரன் அதற்குள்ளேயே வந்து முளைக்குச்சி அடித்து அளந்துவிட்டுப் போயிருந்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தக் குச்சிகள்தான் தெரியும்.

யோசிக்கிற ஜனங்களின் அந்தக் கூட்டத்தில்தான் ரோல்ஃப் அவதரித்தார்.

கோபன்ஹேகனிலிருந்து வந்தவர். கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை. மணல் ஊரில் மணல் படாத வெள்ளைக் காலணி. தன்னை இணையதள மருத்துவர் என்றார். ரொட்டிக்கடை ஓலுஃபின் மடிக்கணினியை வாங்கினார். ஏதாவது விசையை அழுத்துவார் என்று பார்த்தால், காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சு திணறுது" என்றார் மெல்ல. "எவ்வளவு நாளா இப்படி?"

"போன குளிர்காலத்துல இருந்து" என்றார் ஓலுஃப், பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர் குரலில்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ராவ்பியின் கடைக்காரர்கள் எல்லோருக்கும் சொந்த இணையதளம் உண்டு. பிள்ளைகள் கட்டை அடுக்குவதுபோல, தயாராகக் கிடைக்கும் துண்டுகளை இழுத்துப் போட்டு அவர்களே கட்டியவை. அதில் இல்லாத வசதி ஒன்று வேண்டுமென்றால் வெளியாள் செய்த துண்டை வாங்கிச் செருகலாம். அதற்குப் பெயர் ப்ளகின். சுவரில் புதுக் குழாய் மாட்டுவது மாதிரிதான். ஒரே வித்தியாசம், குழாய் மாட்டியவன் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பான். ப்ளகின் மாட்டியவர்கள் திறந்து பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டார்கள்.

ரோல்ஃப் விற்ற முதல் ப்ளகின் ஒரு பச்சை விளக்கு. தளத்தின் கீழ் ஓரத்தில் உட்கார்ந்து மினுக்கும்.

"இது எரியற வரைக்கும் தேடுபொறி உன்னைக் கைவிடாது" என்றார் ரோல்ஃப். "எப்படின்னு கேக்காதே. கேட்டா வேலை செய்யாதுன்னு இல்ல. ஆனா கேக்காதே."

விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வரி ஓடும். 'இப்போது 7 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' சற்றுக் கழித்து 9 பேர். அப்புறம் 13 பேர்.

ஊர் ஆடிப்போய்விட்டது. எண்ணைப் பார்த்ததும் அவரவர் வயிற்றில் ஒரு இளஞ்சூடு பரவியது. ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர்கள்தான் யோசிக்கிற ஜனங்களாயிற்றே, தனியாக வேறு யோசிக்க வேண்டுமா?

ஒரே வாரத்தில் ரோல்ஃபின் வாசலில் வரிசை நின்றது. முடி திருத்தும் விபெக வந்தாள். ஊர்ப் பெண் பாதிரியார் வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நாலு பேர், தளத்தில் பதின்மூன்று பேர் என்று அவருக்குப் பரம திருப்தி. சவ அடக்கம் செய்யும் மோகன்ஸின் தளத்தில் இப்படி மின்னியது: '9 பேர் இந்தச் சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சீக்கிரம்! இரண்டே மிச்சம்!'

ராவ்பியில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். 'நீங்கள்' ராஜாவுக்கு மட்டும். ஜூன் பிறந்தபோது ரோல்ஃபையும் சில பேர் 'நீங்கள்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

எல்லோரையும்விடப் பெரிய பக்தர் டோர்கில்தான். விளக்கு வந்ததும் தளம் மெதுவாகத் திறந்தது. ரோல்ஃப் வேகத்துக்கு ஒரு ப்ளகின் போட்டார். அது விளக்கோடு சண்டை போட்டது. சமாதானத்துக்கு ஒன்று போட்டார். சமாதானம் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள இன்னொன்று. கடைசியில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று சொல்லவே தனியாக ஒரு ப்ளகின் தேவைப்பட்டது. அதையும் வாங்கினார்.

முன்பதிவு மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

"பதிமூணு பேர் பாத்துக்கிட்டே இருக்காங்களே, ஒருத்தராவது புக் பண்ணக் கூடாதா?" என்று கேட்டாள் போடில்.

"உஷ்! சத்தம் போடாதே" என்றார் டோர்கில். அவர் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மடிக்கணினிக்கு முன்னால் போகும்போது தலை வாரிக்கொள்ளும் பழக்கம்கூட வந்திருந்தது. "ரோல்ஃப் சொன்னார். நமக்கு நம்பிக்கை போதலையாம். தங்கக் கேடயம்னு ஒண்ணு இருக்காம். அதை மாட்டினா ஜூலை நிச்சயமாம்."

"எதை வித்து மாட்டப் போற?"

டோர்கில் ஜன்னல் வழியே, வரிசையில் கடைசியாக நின்ற மரவீட்டைப் பார்த்தார். போடிலும் பார்த்தாள்.

மறுநாள் மழை. கதவைத் தட்டினார்கள். நனைந்த ஒரு ஜெர்மன் அம்மா, நனைந்த கணவர், அதைவிட நனைந்த நாய்.

"பிரேமன்ல இருந்து வர்றோம். வீடு ஒண்ணு காலியா இருக்கா?" என்றாள் அந்த அம்மா. "ஒரு வாரமா போன்ல பதிவு பண்ணப் பாத்தேன். முடியல. நேர்லயே வந்துட்டோம்."

"ஏன் முடியல?" என்று கேட்டாள் போடில்.

அந்த அம்மா போனை நீட்டினாள். சின்னத் திரையில் மரவீட்டுப் படம். அதற்குக் கீழே 'பதிவு செய்ய' என்ற பொத்தான் இருக்க வேண்டிய இடம். அந்தப் பொத்தானின் மேல், முட்டையில் உட்கார்ந்த கோழிபோல, கொழுகொழுவென்று பச்சை விளக்கு. எங்கே தொட்டாலும் விளக்குதான் மினுக்கியது.

"என்னம்மா இது? சாமி விளக்கா?" என்று கேட்டது ஜெர்மனி.

போடில் சாவியைக் கொடுத்தாள், துண்டைக் கொடுத்தாள், நாய்க்கும் ஒரு துண்டு கொடுத்தாள். பிறகு உள்ளே போய் டோர்கிலிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அது அந்தம்மா போன் கோளாறு" என்றார் டோர்கில். "அதான் பதிமூணு பேர் பாத்துட்டு இருக்காங்களே!"

"யாருப்பா அந்தப் பதிமூணு பேரு? எனக்கும் பாக்கணும் போல இருக்கு."

சூனியக்காரியைக் கொளுத்தும் நாள் வந்தது. அன்று மத்தியானம் ஊர் விடுதிக் கூடத்தில் ரோல்ஃப் தங்கக் கேடயத்தை வெளியிட்டார். கூட்டம் முட்டியது. டோர்கில் முன்வரிசையில். சட்டைப் பையில், கடைசி மரவீட்டை விற்க ஹோட்டல் கம்பெனி அனுப்பிய தாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சந்தேகம் இருக்கறவங்க முன்னால வரலாம்" என்றார் ரோல்ஃப். சந்தேகம் இருக்கிறவன் இந்த மாதிரிக் கூட்டத்துக்கு வரமாட்டான் என்ற அனுபவத்தில் சொன்னது.

போடில் மடிக்கணினியோடு போனாள்.

"சந்தேகம் எல்லாம் இல்லப்பா. புதுசா ஒரு சைட் ஆரம்பிக்கிறேன். உன் கையால விளக்கு மாட்டிக் குடு."

கூடத்துப் புரொஜெக்டரில் மடிக்கணினியை இணைத்து, எல்லோர் முன்னாலும் ஒரே பக்கத்தில் தளத்தைக் கட்டினாள். ஒரு பழைய ரப்பர் பூட்ஸின் படம். கீழே: 'இடது கால் மட்டும். ஓட்டை உண்டு.' ரோல்ஃப் பெருந்தன்மையோடு விளக்கைச் செருகினார். பச்சை மினுக்கியது. சுவரில் பெரிதாகத் தெரிந்தது: 'இப்போது 7 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.'

"பாத்தீங்களா! ஓட்டை பூட்ஸுக்கே ஏழு பேர்!" என்று டோர்கில் எழுந்து நின்று கை தட்டினார்.

"ஆமா, அதிசயம்தான்" என்றாள் போடில். "ஆனா 'வெளியிடு'ங்கற பொத்தானை நான் இன்னும் அமுக்கவே இல்லையே. இந்தப் பக்கம் என் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு. இதுக்கு விலாசமே கிடையாது. ஏழு பேரு எந்த வழியா உள்ள வந்தாங்க?"

கூடத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

"அவங்க வரப்போற ஆளுங்க" என்றார் ரோல்ஃப். தொழில்காரர் அல்லவா, சட்டென்று வந்தது. "மனசளவுல வந்துட்டாங்க."

"ஓ. மனசளவுலயா?" போடில் சுவரோரம் போய், விடுதியின் இணையப் பெட்டியின் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினாள். எல்லார் போனிலும் வைஃபை செத்தது. சுவரில் மட்டும் பச்சை விளக்கு ஆனந்தமாக மினுக்கியது. 9 பேர். கொஞ்ச நேரம். 13 பேர்.

விபெக குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள். "இங்க யாரும் இல்ல" என்றாள்.

"நான் நாப்பது வருஷமா செத்தவங்களோட பழகறேன்" என்றார் மோகன்ஸ். "அவங்களே இப்படி வந்து எட்டிப் பாத்தது கிடையாது."

"எண்ணைப் பாருங்க" என்றாள் போடில். "ஏழு. ஒன்பது. பதிமூணு. திரும்ப ஏழு. நாம எல்லாரும் மேசைக்கு அடியில தட்டற அதே எண்ணு. ஒரு மாசத்துக்கு மேலா ஊரே முறைச்சு முறைச்சுப் பாத்தோம், ஒருத்தருக்கும் உறைக்கல. ஏன்? பாத்ததும் இதமா இருந்துச்சு. எந்த எண்ணைக் காட்டினா டேனிஷ்காரன் கேள்வி கேக்கமாட்டான்னு இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஓலுஃப் போய் ஒயரை மறுபடி செருகினார். விபெக தன் போனில் ரோல்ஃபின் சொந்தத் தளத்தைத் திறந்து எல்லோருக்கும் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. விளக்கு இல்லை. எண்ணும் வரி இல்லை. கேடயம் இல்லை. 'பணம் செலுத்த' என்ற பொத்தான் மட்டும் வாசல் கதவு அளவுக்குப் பளிச்சென்று இருந்தது.

வைத்தியர் தன் மருந்தைத் தொட்டதே இல்லை.

யாரும் ரோல்ஃபை அடிக்கவில்லை. ராவ்பியில் அந்தப் பழக்கம் இல்லை. அவர் மூட்டை கட்டி முடிக்கும் வரை யாரும் அவருக்குக் காபி ஊற்றவில்லை. டென்மார்க்கில் இதைவிடப் பெரிய தண்டனை சட்டத்திலேயே கிடையாது. வெள்ளைக் காலணியில் மணல் அப்ப நடந்தே நிலையத்துக்குப் போனார். அவரை 'நீங்கள்' என்று கூப்பிட்டவர்கள், தாங்கள் கூப்பிடவே இல்லை என்று ஒருவருக்கொருவர் உறுதி செய்துகொண்டார்கள். அன்று மாலை கடற்கரையில் எரிந்த வைக்கோல் பொம்மை பாவாடை கட்டவில்லை. கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை போட்டிருந்தது. பண்பாடு மாறிக்கொண்டுதானே இருக்கும்.

டோர்கில் ஹோட்டல் கம்பெனியின் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நெருப்பில் போட்டார். வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சு."

"இருந்திருக்கும், இருந்திருக்கும்" என்றாள் போடில்.

அடுத்த நாள் இருவரும் உட்கார்ந்து தளத்தைச் சுத்தம் செய்தார்கள். எது எதற்கு என்று டோர்கிலுக்கே தெரியவில்லை.

"ஒண்ணு ஒண்ணா கழட்டு" என்றாள் போடில். "கழட்டினதும் விருந்தாளிக்கு என்ன குறையுதுன்னு பாரு. ஒண்ணும் குறையலைன்னா அது நமக்காக இல்ல, வித்தவனுக்காக இருந்துருக்கு."

விளக்கைக் கழற்றினார்கள். ஒன்றும் குறையவில்லை, பொத்தான்தான் தெரிந்தது. வேகம் போனது, தளம் வேகமானது. சமாதானம் போனது, சண்டை நின்றது. மிஞ்சியவை இரண்டு. எந்த வாரம் எந்த வீடு காலி என்று காட்டும் நாட்காட்டி ஒன்று. மணல்மேட்டுக்கு வழி காட்டும் வரைபடம் ஒன்று. இரண்டையும் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் வந்தது.

எண்ணும் வரி இல்லாத திரை டோர்கிலுக்கு வெறிச்சென்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறதே என்று தலைகூட வாரவில்லை. அப்போது ஜெர்மனியின் கீல் நகரிலிருந்து ஒரு குடும்பம் பதிவு செய்தது. வார முடிவில் ஹாம்பர்க்கிலிருந்து இரண்டு. பிரேமன் அம்மா தன் அக்காவுக்குச் சொல்லி, அக்கா நாயில்லாமல் வருவதாக எழுதியிருந்தாள். கம்பெனிக்காரன் வந்து முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

டோர்கில் நாட்காட்டியை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். ஒரே ஒரு வாரம்தான் காலி.

"போடில்! ஜூலை முழுக்க நிரம்பிடும் போலிருக்கு!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

கத்தியவர் சட்டென்று வாயை மூடினார். நல்ல வார்த்தை சொல்லிவிட்டோமே. இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வலது கை மெல்ல இறங்கி மேசைக்கு அடியில் போனது. உதடு மட்டும் அசைந்தது. ஏழு. ஒன்பது. பதிமூணு.

டொக். டொக். டொக்.

"அங்க என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் போடில்.

"ஒண்ணுமில்ல... மரங்கொத்தி."

"மேசைக்கு அடியிலயா? தட்டு தட்டு, பரவால்ல. மேசை நம்மகிட்ட மரவீட்டைக் கேக்காது. ஆனா இன்னொரு தடவை எவனாவது விளக்கைத் தூக்கிட்டு வந்தான்னா, முதல்ல உன் மண்டையத் தட்டிப் பாரு. உள்ள எத்தனை பேரு இருக்காங்கன்னு தெரியட்டும்."