பெட்டிக்கு ஊற்றிய அரிசிக் கள்

மொக்போ சந்தையில் இறைச்சிக் கடை நடத்தும் மரியாதைக்குரிய பெரிய அத்தைக்கு,

தேஜோனிலிருந்து உங்கள் தம்பி மகள் ஆ-ரின் வணங்கி எழுதுவது. இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? எங்கள் வீட்டில் முழங்கால்களுக்குக் குறையில்லை, முதுகெலும்புதான் இல்லை. போர்வைக்குள் விளக்கு வைத்து எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்டுவிடும்.

சடங்குப் படையலுக்கு நீங்கள் அனுப்பிய பன்றித்தலை நன்றாக இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அருமையாகச் சிரித்தது, அத்தை. அன்று கடைசிவரை சிரித்தது அது மட்டும்தான். மின்கலத்தின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பெட்டியை மற்றவர்கள் பயணப்பெட்டி அளவில் செய்ய, அப்பா பாதி ஆயுளைக் கொடுத்து என் சாப்பாட்டு டப்பா அளவுக்குச் சுருக்கியிருந்தார். அதைப் பொருத்திய மின்சாரக் கார் முதன்முதலாக ஓடப்போகிறது என்று பல்கலைக்கழகத்தில் சடங்கு வைத்தார்கள். துறைத்தலைவர் மெங் ஐயா அப்பாவின் பழைய ஆசிரியர். விருந்தினர் பார்க்கட்டும், பெட்டியின் மூடியைக் கழற்று என்றார், அப்பா கழற்றினார். காரை ஆன் செய் என்றார், செய்தார். எல்லாரும் பன்றியின் வாயில் பணம் செருகிவிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். மெங் ஐயா சக்கரங்களுக்கு அரிசிக் கள் ஊற்றினார். அது வழக்கம்தான். அதோடு நிறுத்தினாரா? கிண்ணத்தோடு பெட்டி இருந்த முன்பக்கம் வந்தார்.

"அங்க வேண்டாங்க ஐயா, கரண்ட் இருக்குங்க ஐயா."

"காலுக்கு ஊத்திட்டு மூளையைப் பட்டினி போடச் சொல்றியா? தள்ளுய்யா."

அப்பா தள்ளி நின்றார். கள் பெட்டிக்குள் விழுந்தது. டமார்! பன்றித்தலை உருண்டு நாற்காலிக்கடியில் போய்ச் சிரித்தது. கும்பிட்டவர்கள் நிமிர்ந்தபோது புகைதான் தெரிந்தது.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தால் மெங் ஐயா பெயர் முதலில் வரும். புகை வந்ததும் அப்பா பெயர் மட்டும் வந்தது. 'வடிவமைப்பில் பிழை' என்று நாளைக் காலை அப்பா கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் வேலை நீடிக்காது; அந்தப் பெட்டியை எவனும் எந்தக் காரிலும் வைக்கமாட்டான். "போடலைன்னா மட்டும் கிரீடமா வைக்கப்போறாங்க?" என்கிறாள் அம்மா.

உங்களுக்குக் காட்டத்தான் பன்றித்தலையைக் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மெங் ஐயாவின் கையும் கிண்ணமும் அப்பாவின் 'வேண்டாங்க ஐயா'வும் பதிவாகியிருக்கின்றன. அப்பாவிடம் காட்டினேன்.

"அழிச்சிடும்மா. அவர் என் வாத்தியார்."

"சரிப்பா" என்றேன். அழிக்கவில்லை. ஆனால் யாருக்கும் அனுப்பும் தைரியமும் இல்லை; நானும் இந்த வீட்டுப் பெண்தானே. சடங்குக்கு வந்தவர்கள் படம் பகிர ஒரு கைபேசிக் குழு இருக்கிறது. அதில் மெங் ஐயாவும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். பன்றி சிரிக்கும் படங்களாகவே போட்டுத் தள்ளுகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அத்தை, கடன் சொல்லும் வாடிக்கையாளரை விரட்டும் அந்தக் குரலில், விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டுங்கள். கடிதம் காலைக்குள் வந்து சேராது என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருந்தாலும் திட்டுங்கள். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கத்தி மழுங்காமலும் கால் நோகாமலும் இருக்கட்டும்.

பயத்துடன்,
ஆ-ரின்

பின்குறிப்பு: நீங்கள் திட்ட வேண்டாம். சற்றுமுன் வீடியோவைக் குழுவில் போட்டுவிட்டேன். அப்பாவின் தொலைபேசி அடித்தது. சுவர் வழியாகக் கேட்கிறது: "ஆமாங்க ஐயா… என் பொண்ணுதாங்க ஐயா… மன்னிக்கணுங்க ஐயா… இல்லங்க ஐயா, அழிக்கச் சொல்லமாட்டேங்க ஐயா."